புளியரையில் எட்டு மாதமாக ஓடும் பைபர் லைன், என் அனுபவம்

புளியரை செக்போஸ்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேரளா போகும் லாரிகளுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) போட்டுக் கொடுப்பதில்தான் பாதி வருமானம், 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் பெரும்பாலும் அது இல்லாமல் ஆரியங்காவு தாண்ட முடியாது. எட்டு மாதத்துக்கு முன் உள்ளூர் கேபிள்காரரிடம் பைபர் போட்டேன். 100 எம்பிபிஎஸ், மாதம் 499, ஜிஎஸ்டியோடு 589. பெயர் வேண்டாம், தினமும் டீக்கடையில் பார்க்கிற முகம்.

வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன், சாரல் அடிக்கிற ஆடியிலும் ஸ்பீடு டெஸ்ட்டில் 95க்குக் கீழே இறங்கியதில்லை. ஆனால் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஐந்தாறு விநாடி வெள்ளைத் திரை, சில நேரம் திறக்கவே திறக்காது, அப்புறம் திறந்துவிட்டால் சிட்டாய்ப் பறக்கும். வெளியே லாரிக்காரச் சேட்டன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார். சர்வர் டவுன் என்றுதான் நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அந்தச் சர்வருக்கு என் கேள்வியே போய்ச் சேரவில்லை. சர்வர் நிஜமாகவே திணறினால் பெரும்பாலும் 502, 503 என்று ஒரு பிழை எண்ணாவது திரும்பி வரும். எனக்கு அதுவும் வரவில்லை.

ஒருநாள் குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்தேன். நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம், பிரவுசருக்கு வேண்டியதோ ஐபி எண், அதாவது அந்தத் தளத்தின் சர்வருடைய முகவரி எண். அதை முதலில், பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு வாங்கி, பிறகு 443 போர்ட்டில் (பாதுகாப்பான தளங்களுக்கான வாசல் எண்) தளத்தின் சர்வரைக் கூப்பிட்டு, நான் வரட்டுமா, வா, சரி வந்துவிட்டேன் என்று டிசிபி என்கிற இணைப்பு முறைப்படி மூன்று வார்த்தை பேசி முடித்து, சான்றிதழைச் சரிபார்த்து ரகசியப் பூட்டும் போட்ட பிறகுதான் 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்றே கேட்கிறது. என் கடையில் இந்த மற்ற வேலையெல்லாம் சேர்த்து அரை விநாடி கூட ஆகவில்லை. டிஎன்எஸ்ஸிடம் எண் கேட்கிற முதல் படிக்கு மட்டும் ஐந்து விநாடி! ஒருமுறை வாங்கிய எண்ணைக் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால்தான் லைன்மேன் வந்து நிற்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக ஓடித் தொலைத்தது.

அவர் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஒரே பதில்: "ஒயர் கிளீனா இருக்கு அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர்தான் பழசு."

கடைசியில் நானே ரவுட்டரில் அவர்கள் போட்டிருந்த டிஎன்எஸ்ஸை எடுத்துவிட்டு, கூகுளின் 8.8.8.8, அதற்கு அடுத்ததாகக் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டையும் போட்டேன். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. அன்றோடு வெள்ளைத் திரை போயிற்று.

லைனுக்கு நாலு நட்சத்திரம், சர்வீஸுக்கு ஒன்றரை. போடுகிறவர்கள் முதல் நாளே டிஎன்எஸ்ஸை மாற்றிவிடுங்கள். அடுத்த மாதமும் ரீசார்ஜ் பண்ணத்தான் போகிறேன், வேறு பைபர் இந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை.