மேலே நல்ல கல், கீழே உக்கின கல்: சல்லி எடுப்பவர்கள் கவனம்

புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டுத்திட்ட வீடொன்றுக்குப் பீம் போடப் பறித்த முக்கால் இஞ்சிச் சல்லியின் கதை இது. மேலே நல்ல நீலச்சாம்பல் கல். மண்வெட்டியால் ஓரடி கிண்டினால் தவிட்டு நிறம். கையால் நசித்தாலே உதிர்கிறது. "வவுனியாக் கருங்கல்" என்று இரண்டு கியூப்புக்குக் காசு வாங்கிப்போனவர் இப்போது போன் எடுப்பதில்லை. பீம் முடிந்தால்தான் அடுத்த கட்டக் காசு வரும் என்பதால் வீட்டுக்காரர் அதையே போட யோசிக்கிறார். இந்த நெருக்கடியை நம்பித்தான் இப்படிக் கல் ஏற்றுகிறார்கள்.

வவுனியாக் கல் என்றது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வன்னியின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ். பழைய தீப்பாறையும் அடையற்பாறையும் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டு உருமாறிய கல் அது. அதன் வெள்ளை வரி குவாட்ஸ், பெல்ஸ்பார் என்ற கனிமங்கள்; கறுப்பு வரி மைக்கா, ஹோர்ன்பிளெண்ட் என்ற கனிமங்கள். ஆழத்துக் கல் உறுதி. குவாரியின் மேல்தட்டில்தான் பிரச்சினை: மழைநீர் இறங்கி இறங்கி பெல்ஸ்பார் களியாகிவிடும், மைக்காவில் உள்ள இரும்பு துருவேறும். அந்தக் கல் கலவைத் தண்ணீரை உறிஞ்சும், சீமெந்து அதில் பிடிக்காது. மைக்கா தடித்த கல்லோ சப்பைசப்பையாக உடைந்து கொங்கிறீற்றில் பொந்து விடும்.

கரையோரச் சுண்ணக்கல் கலந்திருந்தால் கண்டுபிடிப்பது லேசு. கடலடியில் சிப்பியும் முருகையும் படிந்து இறுகிய அடையற்பாறை அது. கத்தியால் சுரண்டினால் தூள் வரும். தூளில் வினாகிரி விட்டால் நுரைக்கும். நைஸின் வெள்ளை வரியில் கத்தி ஏறாது.

பறிக்க விடமுன் டிப்பரில் ஏறுங்கள். நடுவிலும் மூலையிலும் முழங்கை ஆழத்துக்குக் கிண்டி எடுத்த கல்லைச் சுத்தியலால் அடியுங்கள். நல்ல கல் கூர்விளிம்போடு பிளக்கும், உக்கினது மாவாகும். ஓடர் கொடுக்கமுன்னரே மாதிரி எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. காய்ந்த கல் 1 கிலோவை 24 மணிநேரம் ஊறவைத்து, ஈரம் துடைத்து நிறுங்கள். நல்ல நைஸ் 10 கிராமுக்குள் கூடும். 20 கிராம் தாண்டினால் வேண்டாம்.

அளவிலும் ஏமாற்று உண்டு. 1 கியூப் என்றால் 100 கன அடி. பெட்டியின் உள்நீளம் 10 அடி, அகலம் 6 அடி, கல் நிற்கும் உயரம் 2½ அடி என்றால் 150 கன அடி, ஒன்றரைக் கியூப்தான். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தையும் கேட்டுப் படமெடுத்து வையுங்கள்; காட்ட மறுத்தால் லோட்டைத் திருப்பி விடுங்கள்.

பறித்தாகிவிட்டதா? அந்தச் சல்லியைப் பீமுக்கும் தூணுக்கும் பிளாட்டுக்கும் தொடவே வேண்டாம். முற்றத்துப் பள்ளம் நிரவவோ பாதைக்கு இடவோ உதவும்.