ஏழரை மணி அடுப்பு: பீஹூனா, டின் மீனா, சாம்பார் சாதமா?

கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக்கில் எல்ஆர்டி ரயில் பிடித்து, செந்தூல் திமூரில் இறங்கி, வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி ஏழரை. மழை பிடித்துக்கொண்டால் எட்டு. கைப்பையை வைப்பதற்குள் அறையிலிருந்து மகன் குரல் வரும்: "மா, என்னா சாப்பாடு?"

சமையல் குறிப்புகளில் போடும் "20 நிமிடம்" கணக்கை நான் நம்புவதில்லை. அடுப்பை விட்டு நகர முடியாமல் எவ்வளவு நேரம் நிற்கிறேன், சாப்பிட்டு முடித்ததும் சிங்கில் என்னென்ன குவிகிறது, இந்த இரண்டும்தான் என் கணக்கு. எங்கள் வீட்டில் மாறி மாறி வரும் மூன்று ராத்திரிச் சாப்பாடுகளை அதை வைத்தே அளக்கிறேன்.

பீஹூன் (மெல்லிய அரிசி சேமியா) பிரட்டலுக்குத்தான் வீட்டில் ஓட்டு அதிகம். 400 கிராம் பொட்டலத்தில் பாதி போட்டால் நாலு பேருக்குப் போதும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். சுடுதண்ணீரில் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கூழ். ஆனால் தானாக நடப்பது அந்த ஊறல் ஒன்றுதான். சாவி கீரையை மண் போக அலசணும், தவ்ஹூவை (சோயாக் கட்டி) பொரிக்கணும், பூண்டு வெங்காயம் நறுக்கணும், தாவ்கே முளைப்பயறின் வாலைக் கிள்ளணும் (நான் கிள்ளுவதில்லை, அத்தை கிள்ளுவார்). குவாலிச் சட்டியில் மிளகாய் விழுதை வதக்கி, கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றி, பீஹூனைப் போட்ட பிறகு இரண்டு கைக்கும் வேலை. கரண்டியால் மட்டும் கிளறினால் நூல் நூலாக உடையும். மறு கையில் சாப்ஸ்டிக்கால் தூக்கிவிட வேண்டும். ஆக, நிற்பது அரை மணிக்குக் குறையாது. சிங்கில் குவாலி, பலகை, கத்தி, ஊறவைத்த பாத்திரம், பொரித்த சட்டி. ருசியில் இதுதான் முதல். ஆனால் இது சனிக்கிழமைச் சாப்பாடு.

டின் மீன் சம்பலை யாரும் மட்டமாகப் பேசுவதில்லை, ஆனால் விருந்தாளிக்கு வைக்கவும் மாட்டோம். கோழிப் படம் போட்ட ஆயாம் பிராண்ட் 1892-இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது. எங்கள் பாட்டிக்கு அதெல்லாம் தெரியாது. தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் ஒரு டின் வாங்குவார், அவ்வளவுதான். மீன் டின்னுக்குள்ளேயே வெந்து, முள்கூட மெத்தென்று ஆகியிருக்கும். இனி வேக வேண்டியது வெங்காயமும் மிளகாயும்தான். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது அங்கேதான். மிளகாய் விழுது எண்ணெயில் விழுந்ததும் சளசளவென்று கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். சளசளப்பு அடங்கி, சன்னமாகப் பொரிகிற ஓசை. ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசியும். அதற்கு முன்னால் மீனைப் போட்டால் மிளகாயின் பச்சை நெடி ராத்திரி முழுக்க ஏப்பத்தில் வரும். எண்ணெய் பிரிந்த பிறகே டின்னில் இருக்கும் தக்காளிச் சாறை ஊற்றி, மீனைப் படுக்க வைத்து, ஒரே ஒரு முறை திருப்பிப் போடுகிறேன். கிளறினால் தூளாகிவிடும். கடைசியில் லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை இரண்டு பிழிந்து இறக்கினால் டின் வாடை போய்விடும். நிற்பது கால் மணி. சோறு பக்கத்தில் ரைஸ் குக்கரில் தானே வெந்துகொண்டிருக்கும். காலி டின்னை அலசாமல் குப்பையில் போட்டால் மட்டும் விடிவதற்குள் எறும்பு ஊர்வலம்.

வெள்ளிக்கிழமை சைவம், மீனுக்கு வேலையில்லை. அன்றைக்கு ரைஸ் குக்கர் சாம்பார் சாதம். துவரம் பருப்பைப் போட்டு முதல் தடவை ஏமாந்தேன். சோறு குழைந்த பிறகும் பருப்பு பல்லில் கடித்தது. மைசூர்ப் பருப்புக்கு ஊறலே வேண்டாம், சோற்றோடு சேர்ந்து குழையும். அரிசி 1 கப், பருப்பு அரை கப், தண்ணீர் 4 கப், கேரட், கத்தரிக்காய், மஞ்சள், சாம்பார் தூள். புளியை மட்டும் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேக அடம்பிடிக்கும். பெரிய குக்கராக இல்லாவிட்டால் நுரை பொங்கி மேடையெல்லாம் வழியும், நான் துடைத்திருக்கிறேன்.

தண்ணீர் இருக்கும் வரை பானையின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றியதும் சூடு ஏறி, அடியில் இருக்கும் காந்தம் பிடியை விடும், பொத்தான் "டக்". வெறும் சோற்றுக்கு இது பொருத்தம். சாம்பார் சாதத்தில் அடி கெட்டிப்பட்டதுமே, மேலே தண்ணீர் நிற்கும்போதே, சில நாள் பொத்தான் விழுந்துவிடும். ஒரு கிளறு கிளறி மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். மொத்தம் முக்கால் மணி ஆகும், ஆனால் நான் நிற்பது பத்தே நிமிடம், அதுவும் காய் நறுக்கவும் தாளிக்கவும். மீதி நேரத்தில் குளியல், மகனின் கணக்கு நோட்டு. சிங்கில் பானையும் தாளிப்புக் கரண்டியும் மட்டுமே.

மிச்சச் சோற்றில் நாசி கோரேங் (வறுத்த சோறு) இதைவிட வேகம்தான். ஆனால் காலையில் வடித்த சோறு அப்போதே பிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். கோலாலம்பூர் வெக்கையில் பகல் முழுக்க மேடையில் கிடந்த சோற்றில் பாக்டீரியா விடும் நச்சு, எவ்வளவு வறுத்தாலும் போகாது. பெட்டியில் உறைந்து வரும் ரொட்டி சானாய்? அதைத் தொட்டுக்க ஒன்று செய்யணும், அப்புறம் என்ன லாபம்.

என் கணக்கில் ஜெயிப்பது சாம்பார் சாதம். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் செய்தால் மகன் தட்டைத் தள்ளுவான். அதனால் மற்ற நாளில் டின் மீன்தான் அதிகம். அத்தை எட்டிப் பார்த்து, "என்னாம்மா, இன்னைக்கும் டின் மீனா?" என்பார். மீனைத் தொட மாட்டார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும், சட்டியில் ஒட்டியிருக்கும் சம்பலில் இரண்டு கரண்டிச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஓரம் வரை வழித்துச் சாப்பிடுவார். சிங்குக்கு வரும்போது அந்தச் சட்டி பாதி கழுவியாயிற்று.