பை பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படாத ஒரு நாள்

எந்தக் குடும்பம் பொருட்காட்சிக்கோ பூங்காவுக்கோ போனாலும் ஒரு ஆள் கட்டாயம் இருப்பார். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிற ஆள். எங்கள் வீட்டில் முன்பு அது அத்தை, அதாவது என் மாமியார். கடந்த பன்னிரண்டு வருஷமாக நான். பெங்களூரு பக்கம் பிடதியில் இருக்கிற வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் வந்த கதைதான் இது. ஆனால் எந்த ராட்டினம் எவ்வளவு வேகம் என்று இங்கே தேடாதீர்கள். பை பார்க்கிறவளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் என் கணக்கு.

போன கோடையில் வேறொரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஏழு பைகள், ஒன்பது ஜோடி செருப்புகள், ஒரு சிமெண்ட் திண்டு. நிழல் நகர நகர நானும் நகர்ந்துகொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் முழு டிக்கெட்தான் வாங்கியிருந்தோம். முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, "இது இன்னிக்கு ஓடாது" என்று சொல்லிவிட்டார்கள் என மகள் அழுதுகொண்டு வந்தாள். இனிமேல் பார்க் என்ற பேச்சே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன். அது ஒரு வருஷம் தாங்கியது.

இந்த முறை பிடதி வொண்டர்லா. நாங்கள் இருப்பது ஓசூரில். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி நைஸ் ரோடு என்கிற சுங்கச் சாலையைப் பிடித்தால் பெங்களூரு நெரிசலுக்குள் தலையைக் கொடுக்காமல் மைசூர் ரோட்டுக்குப் போய்விடலாம். சுங்கத்துக்குக் காசு போகும், ஆனால் அத்தைக்கு வாந்தி வராது. கணவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை என்பதால் அன்றைக்கே கிளம்பினோம். பிள்ளைகள் லீவு போட்ட காரணம் அவர்களுடைய டீச்சர்களுக்குத் தெரிய வேண்டாம். போகிறவர்கள் வார நாளில் போங்கள்.

பிடதி என்றால் எனக்கு முதலில் தட்டே இட்லிதான். பூங்காவைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். சின்னத் தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, மேலே உருகுகிற வெண்ணெய். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இட்லித் தட்டைக் கழுவறதுக்குச் சோம்பல் பட்டவ எவளோ கண்டுபிடிச்சிருக்கா" என்றார். ஆனால் ரெண்டு சாப்பிட்டார்.

இந்த வொண்டர்லாவை ஆரம்பித்தவர் வி-கார்ட் ஸ்டெபிலைசர் கம்பெனியின் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. முதல் பூங்கா 2000-இல் கொச்சியில், வீகாலேண்ட் என்ற பெயரில். பிடதியில் 2005-இல் வந்தது. எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் தொங்குகிற பெட்டிக்காரர்தான் இதையும் கட்டினார் என்றதும் அத்தைக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்தப் பெட்டி பதினைந்து வருஷமாகக் கெடவில்லை.

டிக்கெட்டுக்கு வயசு கணக்கில்லை, உயரம்தான். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரைக்கும் குழந்தை டிக்கெட். பெரிய ராட்டினங்களில் ஏறவும் அதே 140 வேண்டும். என் மகன் வீட்டுச் சுவரில் அளந்தபோது சரியாக 139. "கவுன்டர்ல குனிஞ்சு நில்லு, ராட்டினத்துல நிமிர்ந்து நில்லு" என்று அவன் அப்பா காரிலேயே பாடம் எடுத்துவிட்டார். பையன் பதட்டத்தில் மாற்றிச் செய்தான். நல்லவேளை, எப்படி நிமிர்ந்தாலும் 139 தான். பெரிய ராட்டினம் கிடைக்கவில்லை, காசு மிச்சம். அறுபது தாண்டியவர்களுக்கும் சலுகை உண்டு, ஆதாரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை லாக்கர். தனிக் காசுதான், கொடுத்துவிடுங்கள். பை, செருப்பு, போன், அத்தையின் மாத்திரை டப்பா எல்லாம் உள்ளே போய், சாவி என் கைக்கு வந்தது. பன்னிரண்டு வருஷ உத்தியோகம் ஒரு சாவியில் முடிந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

தண்ணீர்ப் பக்கம் மதியவாக்கில்தான் திறக்கிறார்கள். அதனால் முதலில் உலர்ந்த ராட்டினங்களை முடித்துக்கொள்வது நல்லது. மகளும் கணவரும் 'ரீகாயில்' என்பதில் ஏறினார்கள். தலைகீழாகச் சுற்றிப் போய், அதே தடத்தில் பின்பக்கமாகவே திரும்பி வருகிற ரோலர் கோஸ்டர். என் கணவர் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ். "வண்டியில என்ஜினே கிடையாது, மேலே இழுத்துட்டுப் போய் விட்டுட்டா அவ்வளவுதான், மத்ததெல்லாம் புவியீர்ப்பு" என்று ஏறும்முன் விளக்கம் சொன்னவர், இறங்கி வந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது நீண்ட நேரம்.

அத்தைக்கும் மகனுக்கும் எனக்கும் ஸ்கை வீல். ஒரு உயரமான கட்டடத்தின் உச்சியில் ராட்டினத்தை வைத்திருக்கிறார்கள், லிஃப்டில் போக வேண்டும். மெதுவாகத்தான் சுற்றும், வயிற்றைப் புரட்டாது. மேலே போனதும் மைசூர் ரோடு, மரங்கள், பாறைக் குன்றுகள் எல்லாம் காலுக்குக் கீழே. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடவே இல்லை. "இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டது மகன் இல்லை.

அப்புறம் உடை விவகாரம். தண்ணீரில் இறங்க நைலான், லைக்ரா மாதிரித் துணிதான் வேண்டும். பருத்தி கூடாது, சேலை கூடவே கூடாது. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும், நனைந்தால் உடம்பில் கனமாகத் தொங்கும். காரணம் நியாயமானதுதான். ஓசூரில் ஒரு கடைக்காரர் "சுத்த நைலான்மா" என்று சத்தியம் செய்து விற்ற டிரௌசர் பாதி பருத்தி என்று இங்கே வந்துதான் தெரிந்தது. மகனுக்கு உள்ளே இருந்த கடையில் வேறு வாங்கினோம். வாங்கும்போது, விளையாட்டுக்குக் கேட்பதுபோல, "உங்களுக்கும் ஒண்ணு எடுக்கட்டுமா அத்தை?" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கை முழுசா இருக்கா?" என்றார்.

முழுக்கை, முழுக்கால், கருநீலம். முப்பத்தெட்டு வருஷமாகச் சேலை தவிர வேறு எதையும் கட்டாதவர் அதைப் போட்டுக்கொண்டு மாற்று அறைக்கு உள்ளேயே பத்து நிமிஷம் நின்றார். வெளியே வந்தபோது அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை மாதிரி இன்னும் பத்து பாட்டிகள் அங்கே நடந்துகொண்டிருந்தார்கள்.

லேஸி ரிவர் என்று ஒன்று இருக்கிறது. ரப்பர் டியூபில் உட்கார்ந்தால் தண்ணீரே மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பதற்கே முழு டிக்கெட் கொடுக்கலாம். நானும் அத்தையும் எத்தனை சுற்று போனோம் என்று எண்ணவில்லை. மூன்றாவது சுற்றிலோ என்னவோ, கல்யாணம் ஆன புதிதில் மெரினாவுக்குப் போனபோது எல்லாரும் கடலில் நிற்க, தான் மட்டும் மணலில் செருப்புகளுக்குக் காவல் இருந்த கதையைச் சொன்னார். நான் அதுவரை கேட்டதில்லை.

அலைக்குளத்தில் அலை எப்போதும் இருக்காது, நேரம் வைத்து விடுவார்கள். சத்தம் கேட்டதும் கூட்டம் ஹோவென்று ஓடுகிறது. கணவருக்கு அதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. பெரும்பாலான அலைக்குளங்களில் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும், அதில் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுவார்கள் என்று ஆரம்பித்தார். வாயில் ஒரு அலை போனதும் நிறுத்திக்கொண்டார். மெரினாவுக்கும் சேர்த்து அத்தை இங்கே நின்றுகொண்டார். கடைசியாக ரெயின் டிஸ்கோ. இருட்டு அறை, பாட்டு, மேலிருந்து மழை. அதுவும் வெதுவெதுப்பான மழை. பிடதிக் காற்றில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அதுவே சொர்க்கம், நாங்கள் வெளியே வர மனசில்லாமல் நின்றோம்.

வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்துப் போங்கள். அத்தை விடியற்காலையில் கிளறிய புளிசாதம் காரிலேயே இருந்தது. சாயங்காலம் பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்து, ஈரத் தலையோடு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டோம். புளிசாதம் ஊற ஊறத்தானே ருசி.

மறுநாள் கருநீல உடை எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காய்ந்தது. எதிர்வீட்டு அம்மா என்ன இது என்று கேட்டதற்கு, "பேத்தியோடது" என்றார் அத்தை. பேத்திக்கு வயசு பதினாலு, ஒல்லிக்குச்சி. உடையின் கழுத்தில் டபுள் எக்ஸ்எல் என்று பெரிதாக எழுதியிருந்தது.