ஃபேட்டி லிவர் என்று நம்பி 23,500 ரூபாயைத் தொலைத்தேன்

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. 23,500 ரூபாய் போனதைவிட ஏழு வாரம் வீணாய்ப் போனதுதான் வயிற்றெரிச்சல்.

மாஸ்டர் செக்கப் ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்', அதாவது ஈரலில் கொழுப்பு என்று வந்தது. ரத்தத்தில் ஈரல் என்சைம்கள் இரண்டும் ஏறியிருந்தன, எஸ்ஜிபிடி 186, எஸ்ஜிஓடி 142. எனக்கு 41 வயது, குடிப்பதில்லை, தொப்பை உண்டு. சரி, தொப்பைதான் காரணம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, டாக்டரிடம் போகாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு 'லிவர் டீடாக்ஸ்' சென்டருக்குப் போனேன் (பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், வேண்டாம்).

அங்கே இருந்த பெண் மேஜையிலிருந்த பிளாஸ்டிக் ஈரலை எடுத்து மஞ்சளாக இருந்த பக்கத்தை விரலால் தடவி, "அண்ணா, நீங்க இப்ப இங்க இருக்கீங்க" என்றார். எங்கம்மா ஈரல் சுருங்கித்தான் இறந்தார் என்று சொன்னேன். "அதனாலதான் அண்ணா தள்ளிப்போடக் கூடாது" என்று என் கையைத் தொட்டுச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். மூன்று மாத பேக்கேஜ், பொடி, டானிக், 23,500 ரூபாய், அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

ஐந்தாவது வாரம் கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம். போன் செய்தால் "அழுக்கு வெளியேறுது அண்ணா, நல்ல அறிகுறி." மறுநாள் "டாக்டர் கேம்ப் போயிருக்கார்." அப்புறம் "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றோம்." பிரிக்காத டப்பாக்களுக்காவது பணம் கொடுங்கள் என்றதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 23,500!

கடைசியில் பெரியாஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "அம்மா எதனால இறந்தாங்க?" ரத்தம் எடுத்தார்கள், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பாசிட்டிவ். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார். ஈரலில் கொழுப்பு இருப்பதை ஸ்கேன் காட்டும், என்சைம் ஏறியதற்கு அந்தக் கொழுப்புதான் காரணமா என்று ஸ்கேனுக்குத் தெரியாதாம். பி, சி வைரஸ், குடி, சாப்பிடும் மாத்திரை, உடம்பே ஈரலைத் தாக்கும் நோய் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், கொழுப்போடு இன்னொன்றும் சேர்ந்தே இருக்கலாம், எனக்கு அப்படித்தான். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நாலையும் வைத்து, ஈரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று பார்க்க என் பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே பேனாவால் கணக்குப் போட்டார், 2.37 வந்தது. 1.3-க்குக் கீழே இருந்தால்தான் நிம்மதியாம், அடுத்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எழுதினார். அந்த எண்கள் முதல் நாளிலிருந்தே என் பையில் கிடந்தன!

பொடி டப்பாவையும் பார்த்தார், சீந்தில் இருந்தது. சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-லேயே எழுதியிருக்கிறார்களாம். மஞ்சள் வந்தது வைரஸாலா பொடியாலா என்று இப்போது பிரித்துச் சொல்வது கஷ்டமாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஃபேட்டி லிவர் என்று வந்தால் பி, சி டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது ஈரல் நோய் இருந்ததா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், கடைக்காரரிடம் இல்லை. டீடாக்ஸ் பக்கமே போகாதீர்கள். மனைவிக்கும் பையனுக்கும் ரத்தம் எடுக்க எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், கிளம்புகிறேன்.