புத்தகம் வருமுன்பே திறந்த நூலகம்

புயலில் கூரையின் ஒரு பகுதியை இழந்து, தரைத்தளத்தில் முழங்கால் அளவுக்கு நீர் தேங்கிய எங்கள் பொது நூலகம் இப்போது முழு நேரமும் இயங்குகிறது. சீரமைக்கப்பட்ட கட்டடத்தை மட்டும் பார்த்து அதற்கு மதிப்பெண் போடுவது நியாயமாகாது என்று நினைக்கிறேன். ஏனெனில், அலமாரிகள் வெறுமையாகக் கிடந்த வாரங்களில்தான் இந்நூலகம் தன் வேலையை மிகச் சிறப்பாகச் செய்தது.

மேல்தளம் பாதுகாப்பானது என்று பொறியாளர்கள் உறுதி செய்ததும், நூல் வழங்கும் பிரிவு ஆயத்தமாகட்டும் என்று காத்திராமல், படிப்பறையை மட்டும் திறந்துவிட்டார்கள். ஜெனரேட்டரின் துணையோடு கைப்பேசிகளுக்கு சார்ஜ் ஏற்றும் வசதி, வைஃபை, நகலெடுக்கும் இயந்திரம், நிவாரண விண்ணப்பங்களை நிரப்ப உதவும் ஒரு மேசை ஆகியவை அங்கே இருந்தன. யாரிடமும் உறுப்பினர் அட்டை கேட்கப்படவில்லை. இரவல் நூல்களைத் திருப்பித் தரும் கெடுவை நீட்டித்து, நீரில் போன நூல்களுக்கு அபராதம் இல்லை என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். விண்ணப்ப மேசையில் இருந்த பணியாளர்கள் ஒவ்வொரு கேள்வியும் எதைக் கேட்கிறது என்பதை விளக்கினார்களே தவிர, எதை எழுதினால் தொகை கூடுதலாகக் கிடைக்கும் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த வரம்பு சரியானதே. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா, 2011-இல் பொது நூலகங்களை இன்றியமையாத சமூகச் சேவைகளுள் ஒன்றாக ஏற்று, கட்டடத்தை இழந்த நூலகம் தற்காலிக இடத்தில் இயங்க உதவி பெறலாம் என்று விதியை மாற்றியது. அப்படிப்பட்ட விதி ஏன் தேவை என்பதற்கு இந்தப் படிப்பறையில் நின்ற வரிசையே போதுமான சான்று.

நூல்களை மீட்ட விதம் தனியாகச் சொல்லத்தக்கது. நனைந்த தாளில் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், எதைக் காப்பது, எதை விடுவது என்பதை உடனடியாக முடிவு செய்ய வேண்டியிருக்கும். கடையில் மீண்டும் வாங்கக்கூடிய நாவல்களையும் பாடநூல்களையும் கழித்துவிட்டு, வேறெங்கும் கிடைக்காத பழைய நாளிதழ்த் தொகுதிகளையும் உள்ளூர் ஆவணங்களையும் முதலில் குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்பினார்கள். உறைநிலையில் பூஞ்சை வளராது, மை மேலும் பரவாது. அவசரமின்றிப் பின்னர் உலர்த்திக்கொள்ளலாம். வெற்றிட அறையில் வைத்தால் பனிக்கட்டி நீராக உருகாமல் நேரே ஆவியாகிவிடுவதால், தாள்கள் இரண்டாம் முறை நனைவதில்லை. ஓரளவே நனைந்தவற்றை உறிஞ்சுதாள் இடையிட்டு, மின்விசிறிக் காற்றில் நிறுத்திவைத்தார்கள். சூடான காற்றைப் பயன்படுத்தவில்லை, ஏனெனில் வெப்பம் அட்டையை முறுக்கிவிடும். வழவழப்பான தாளில் அச்சான படநூல்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டதால் பெரும்பாலும் தேறவில்லை. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்து அங்கிருந்த தேசிய நூலகத்தைச் சேற்றில் மூழ்கடித்தபின், உலகெங்குமிருந்து வந்த நூல் செப்பனிடுவோரின் அனுபவத்திலிருந்து வளர்ந்த துறை இது. ஒரு சிறிய பொது நூலகம் அந்த நெறிகளை அறிந்து நடந்துகொண்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

அந்த அறிவைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல், வீட்டு ஆவணங்களையும் புகைப்படங்களையும் காப்பாற்றுவது எப்படி என்று பொதுமக்களுக்குச் செய்துகாட்டியதைத்தான் இச்சேவையின் உச்சம் என்பேன். ஒன்றோடொன்று ஒட்டிய நனைந்த படங்களை அப்படியே காயவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்லப் பிரித்து, படம் மேலே தெரியும்படி பரப்பி உலர்த்த வேண்டும். உடனே முடியாவிட்டால் பையிலிட்டு உறையவைக்கலாம். அழிந்துவிட்டது என்று குப்பையில் போடவிருந்த திருமணப் படங்களைத் திரும்ப எடுத்துச் சென்றவர்கள் உண்டு.

நன்கொடையாக வந்த பழைய புத்தக மூட்டைகளை நூலகம் ஏற்க மறுத்தது சிலருக்கு மனவருத்தம். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. வைக்க இடமில்லாத வேளையில், ஈரம் தட்டிய மூட்டை ஒன்று போதும், உலர்த்தியதையெல்லாம் மீண்டும் பூஞ்சைக்குக் கொடுக்க.

ஆனால் குறைகள் உண்டு. கழிக்கப்பட்ட நூல்கள் இன்னமும் கணினிப் பட்டியலில் ‘அலமாரியில் உள்ளது’ என்றே காட்டப்படுகின்றன. தேடி வருபவர் வெறும் தட்டைப் பார்த்துத் திரும்புகிறார். எவை கழிக்கப்பட்டன, எவை உலர்த்தலுக்குப் போயுள்ளன என்ற விவரம் கேட்பவருக்கு வாய்மொழியாகக் கிடைக்கிறதே ஒழிய, எழுத்தில் எங்கும் வைக்கப்படவில்லை. சிறுவர் பிரிவை மேல்தளத்துக்கு மாற்றியதில் இடநெருக்கடி இருக்கிறது; அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது தரைத்தளத்தின் அடித்தட்டு. நீர் முதலில் தொட்ட அதே தட்டுகளில், தரையிலிருந்து ஒரு சாண்கூட உயர்த்தாமல், புதிதாக வாங்கிய நூல்களை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். நனைந்த நூல் ஊதும். நெருக்கி அடுக்கினால் அலமாரியையே பிளக்கும். இதை நமக்குக் கற்பித்தவர்களே இவர்கள்தாம். அடித்தட்டைக் காலியாக விடுவதற்கு நிதி எதுவும் வேண்டியதில்லை.

இப்போது செல்ல நினைப்பவர்கள், கணினிப் பட்டியலை நம்பாமல், வேண்டிய நூலின் பெயரைச் சொல்லி முன்பதிவு செய்துவிட்டுச் செல்வது நல்லது. நாளிதழ்த் தொகுதிகள் உலர்ந்து ஒவ்வொன்றாகத்தான் திரும்பி வருகின்றன. குறிப்புதவிப் பிரிவில் ஆண்டைக் குறிப்பிட்டுக் கேட்டால், வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறார்கள்.