உராய்வு வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 42,000 போச்சு

மெஷினை விற்றவன் முந்தாநாள் இரவு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அதுவரை பொறுமையாகத்தான் இருந்தேன்.

பாலிஎத்திலீன் குழாய் வேலை என் தொழில். 63 மி.மீ. குழாய்த் துண்டுகளுக்கு மூடி வைத்து அடைப்பது அதில் பாதி. இந்தப் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. சூட்டுத் தகட்டில் உருக்கிச் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஆறும்வரை காத்துக்கிடக்க வேண்டும். உராய்வு வெல்டிங்கில் மூடியைச் சுழற்றிக் குழாயோடு அழுத்தினால் போதும், உரசுகிற சூட்டிலேயே சில நொடியில் இரண்டும் உருகிச் சேரும். வட்டமான சின்ன மூடிக்கு அருமையான முறை. முறையில் குறை இல்லை, எனக்கு வந்த மெஷினில்தான் குறை.

யார் வேண்டுமானாலும் பொருள் விற்கலாம் என்கிற ஆன்லைன் சந்தை ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். விற்கிறவர் (அப்போது 'அவர்'தான்) வீடியோ காலில் வந்து ஓட்டியே காட்டினார். சக் (மூடியைப் பிடித்துச் சுழற்றும் பிடி) சுழன்றது, மூடி பதிந்தது, டக்கென்று நின்றது. உருகி ஓரத்தில் பிதுங்கிய பிளாஸ்டிக் வளையத்தைக் கத்தியால் வழித்தார், துணியால் துடைத்தார், தண்ணீரில் முக்கிக் காற்று அடித்தார். ஒரு குமிழி இல்லை. "சார், நீங்க தொழில் தெரிஞ்சவங்க. உங்ககிட்ட பொய் சொன்னா நிக்குமா?"

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். தொழில் தெரிந்தவனாம்! வளையத்தை ஏன் வழிக்கிறாய் என்று கேட்கத் தோன்றாத தொழில் தெரிந்தவன். அது சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கொழுத்திருக்கிறதா, எங்காவது முறுக்கி இழுபட்டிருக்கிறதா என்று பார்த்தாலே ஜாயின்டின் ஜாதகம் தெரிந்துவிடும். அதைத்தான் அவன் என் கண்ணெதிரே சீவி எறிந்தான். நான் 'என்ன ஃபினிஷிங்!' என்று வாய் பிளந்தேன்.

விலை 45,000. "சந்தை வழியா போட்டா கமிஷன் போகும் சார், நேரா அனுப்புங்க, 3,000 குறைச்சுக்கறேன்." அன்று இரவே 42,000 அனுப்பினேன்.

மெஷின் வந்தது. சுவிட்சை அணைத்தால் சக் நிற்கவில்லை. நாலைந்து நொடி தன்பாட்டுக்குச் சுற்றி அப்புறம்தான் நிற்கிறது. இந்த வேலையில் உயிரே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. பாலிஎத்திலீன் 130 டிகிரி வாக்கில் உருகும். உருகியதும் சுழற்சி சட்டென்று நிற்க வேண்டும், அழுத்தம் மட்டும் ஆறும்வரை விடாமல் இருக்க வேண்டும். இறுகத் தொடங்கிய பிறகும் சக் சுற்றிக்கொண்டிருந்தால், சேர்ந்ததை அதுவே முறுக்கிப் பிய்த்துவிடும். பதினோரு மூடி போட்டேன். எட்டு கையோடு வந்தது. மீதி மூன்று காற்றழுத்தத்தில் தெறித்தது.

முதல் போன்: "பைப்ல ஈரம் இருக்கும் சார்." துடைத்துக் காயவைத்துப் போட்டேன், அதே கதை. இரண்டாவது: "ரீசைக்கிள் பைப்பா சார்?" மூன்றாவது: "டெக்னீஷியன் வெளியூர்ல இருக்கார்." வீடியோ கேட்டான், அனுப்பினேன், பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. பிறகு நானே பின் மூடியைக் கழற்றினேன். பிரேக் பொருத்துகிற இடத்தில் நாலு போல்ட் ஓட்டை, காலியாக. படம் எடுத்து அனுப்பினேன். "அது வேற மாடல் சார், பிரேக் செட் தனி, 18,000." 42,000 வாங்கினவன் இன்னும் 18,000 கேட்கிறான்! கொஞ்சம் கத்தினேன். அத்தோடு பிளாக்.

சந்தைக்காரர்களிடம் போனேன். பணம் எங்கள் வழியாக வராததால் உதவ முடியவில்லை என்று பதில். அதற்குக் கீழேயே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி.

அதே விளம்பரத்தில் எஃகுக் குழாயும் சேர்க்கலாம் என்று போட்டிருந்தான். 25 மி.மீ. எஃகுக் குழாய்க்கே டன் கணக்கில் அழுத்தம் வேண்டும். கையால் இழுக்கிற நெம்புகோலில் அது எங்கிருந்து வரும்? இதையும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. வளையத்தை வழிக்காமல் காட்டச் சொல்லுங்கள். உங்கள் குழாயை, உங்கள் மூடியை அனுப்பிப் போட்டுக் காட்டச் சொல்லி, அந்த ஜாயின்டை நடுவில் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். பிரேக் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். நேராகப் பணம் அனுப்பாதீர்கள், யார் எவ்வளவு குறைத்தாலும் சரி. பிவிசி போடுகிறவர்கள் காற்றோட்டம் பார்த்துக்கொள்ளுங்கள், சூடு மிஞ்சினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், தொண்டையை அறுக்கும். பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தருவதாக எவனாவது சொன்னால் போனை வையுங்கள்.

இதை எழுதும்போதே அந்தச் சந்தையை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். வேறு பெயர், அதே வீடியோ, அதே கத்தி. விலை மறுபடி 45,000.