நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஆள் இருக்கும் ஆராதனைச் சிற்றாலயம்

இடைவிடா ஆராதனை நடக்கும் ஒரு சிற்றாலயம் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்துப் பயனில்லை. அந்த நேரத்தில் எல்லா இடமும் நிறைந்துதான் இருக்கும். நள்ளிரவு தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இரவு பகலாக நற்கருணை ஆராதனைக்கென்றே, அதாவது கிறிஸ்துவின் உடல் என்று நாங்கள் விசுவசிக்கும் அப்பத்தின் முன்னால் செபிப்பதற்கென்றே, ஒரு சிற்றாலயம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரவு இரண்டிலிருந்து மூன்று மணி வரை அங்கே என் பொறுப்பு. மருத்துவமனை வார்டில் வருடக்கணக்காக இரவுப் பணி பார்த்த செவிலி நான். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு அந்த நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்கிறது, அதனால் நானே கேட்டு வாங்கிய நேரம் அது. புதிதாக வர நினைப்பவர்களும், தங்கள் பங்கில் இப்படி ஒன்று தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மணி நேர ஆராதனை நடத்த ஒரு குருவும் பாடகர் குழுவும் இருந்தால் போதும். இரவு பகலாக நடத்துவது அப்படியல்ல. நற்கருணையை எல்லோரும் காண வைக்கும் கண்ணாடி பதித்த கதிர்ப்பாத்திரத்தில் அது வெளியே வைக்கப்பட்டிருக்கும்போது சிறிது நேரம்கூட ஆள் இல்லாமல் விடக் கூடாது என்று 2004-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை கண்டிப்பாகச் சொல்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இடம் காலியாகாமல் இருக்க மணிக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 336 பேர். அத்தனை பேரும் வாக்குக் கொடுத்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். அதனால் எந்தச் சிற்றாலயத்துக்குப் போனாலும் பீடத்தின் அழகுக்கு முன்னால் அதன் பெயர்ப்பட்டியலைத்தான் நான் தேடுவேன்.

இங்கே பட்டியல் உயிரோடு இருக்கிறது. ஒரு நாளை நான்கு பகுதியாகப் பிரித்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு பொறுப்பாளர் வைத்திருக்கிறார்கள். வர முடியாதவர் முதலில் தன் ஜோடியிடம் சொல்ல வேண்டும், அப்புறம் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். அதற்கும் ஆள் அமையாவிட்டால் பொறுப்பாளரே வந்து உட்காருவார். எங்கள் இரவுப் பகுதியைப் பார்க்கும் அம்மா, மாற்று ஆள் உறுதியாகும்வரை தூங்கப் போவதில்லை.

ஆள் மாறும் விதத்தைப் பார்த்தாலே இந்த இடத்தின் தரம் புரியும். வார்டில் டியூட்டி மாற்றிக் கொடுப்பதைப் போலத்தான் இதுவும். வாசலை ஒட்டிய சிறு மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடக்கும். பெயர், வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான். எனக்கு அடுத்து மூன்று மணிக்கு வருபவர் வண்டி பழுது பார்க்கும் ஒரு தம்பி. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார், ஒரு முழங்காலை ஊன்றி வணங்குவார், கையெழுத்துப் போடுவார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் அவர் நகக்கண்ணில் கிரீஸ் கறை இருக்கும். அந்தக் கையைக் கூப்பி அவர் முழந்தாளிட்ட பிறகுதான் நான் எழுந்திருப்பேன். அவர் பிந்தினால் நான் அங்கேயே இருக்க வேண்டும். ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்தப் பட்டியல் முறை நம் காலத்துக் கண்டுபிடிப்பும் இல்லை. கிறிஸ்து கல்லறையில் கிடந்த நேரம் நாற்பது மணி என்று மரபு கணக்கிடுகிறது. அந்த நினைவாக 1530-களில் மிலான் நகரத்தில் நாற்பது மணி ஆராதனை பரவியபோதே, ஒரு ஆலயத்தில் முடிந்ததும் அடுத்த ஆலயத்தில் தொடங்கும்படி முறை வைத்துக்கொண்டார்கள். 1592-இல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் ரோமில் அதை ஒழுங்குபடுத்தினார். பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின்மேல் இருக்கும் திரு இருதயப் பசிலிக்காவில் 1885 முதல் ஆள் மாற்றி ஆள் ஆராதனை தொடர்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸ் நகரில் பிரான்சிஸ்கன் அருள்சகோதரிகள் 1878 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய செபத்தை இரவும் பகலும் விடாமல் நடத்தினார்கள். சகோதரிகளின் எண்ணிக்கை குறைந்துபோனதால் 2020-இல் இரவு நேரத்தை நிறுத்தினார்கள். காலை ஆறு முதல் இரவு பத்து வரை என்று அப்போது சுருக்கிக்கொண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. ஆள் குறைந்தால் முதலில் விழுவது இரவுதான். நான் பகலில் ஒரு நேரம் கேட்காமல் இரவைக் கேட்டதற்கு இதுவும் காரணம்.

சிற்றாலயத்துக்குள் சொல்ல அதிகம் இல்லை. இருபது பேர் தாராளமாக உட்காரலாம். கதிர்ப்பாத்திரம் சாதாரண வேலைப்பாடுதான், ஆனால் கண்ணாடியில் விரல் தடம் படிய விடுவதில்லை. 1973-ஆம் ஆண்டுச் சடங்கு முறை நூல் நான்கு அல்லது ஆறு மெழுகுதிரிகள் என்கிறது. இங்கே நான்கு எரிகின்றன. விளக்கு ஒன்று மட்டும் பீடத்தின்மேல் விழும், மற்ற இடம் அரை இருட்டு. சில இடங்களில் கதிர்ப்பாத்திரத்தைச் சுற்றி நிறம் மாறும் சீரியல் பல்பு கட்டிவிடுகிறார்கள். பக்தியோடுதான் செய்கிறார்கள், ஆனால் கண் ஓயாமல் அந்த விளக்கோடு ஓடுகிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது, அந்த ஒரு மணி நேரத்தை யாரும் நிரப்பித் தராததுதான். வேறொரு ஆலயத்தின் முழு இரவு ஆராதனைக்குப் போயிருந்தேன். செபமாலை, பாடல், சாட்சியம், மறையுரை, மறுபடி பாடல். ஒலிபெருக்கி ஓய்ந்த நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் பத்து நிமிடம் தேறாது. அங்கே கூடியவர்களின் விசுவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆண்டவர் முன்னால் இருக்கிறார் என்று நம்பித்தானே இரவெல்லாம் விழித்திருக்கிறோம்? அவரோடு தனியாக இருக்க ஒரு கால் மணி நேரமாவது விட வேண்டாமா?

அமைதி புதியவர்களை மிரட்டும் என்பது உண்மைதான். அதற்கு இங்கே நல்ல ஏற்பாடு உண்டு. நற்கருணைச் சபை என்ற துறவற சபையை 1856-இல் தொடங்கிய புனித பீட்டர் ஜூலியன் எய்மார்ட், ஒரு மணி நேரத்தை நான்கு கால் மணியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்: ஆராதிப்பது, நன்றி சொல்வது, பரிகாரம் செய்வது, மன்றாடுவது. இதை ஒரே பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு பெஞ்சிலும் வைத்திருக்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு அந்தத் தாளே போதும்.

என் மணி நேரத்தில் மன்றாட்டுப் பகுதிதான் நீளும். வார்டில் என் கண் முன்னால் இறந்தவர்களுக்காகச் செபிக்கிறேன். பெயர் மறந்துபோனவர்களும் உண்டு, படுக்கை எண் மட்டும் நினைவிருக்கும். அன்றைக்கு அவர்கள் பக்கத்தில் உட்கார எனக்கு நேரம் கிடைத்ததில்லை. கண்ணை மூடிவிட்டு, ஓரிரு வார்த்தை செபித்துவிட்டு, அடுத்த மணி அடித்த படுக்கைக்கு ஓட வேண்டியிருந்தது. இங்கே மூன்று மணி வரை யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. இயேசுவிடம் ஒவ்வொருவரையும் நிதானமாக ஒப்படைக்க முடிகிறது. இதைவிடப் பெரிய உபகாரம் எந்தப் பங்கும் எனக்குச் செய்துவிட முடியாது.

குறைகளும் உண்டு. முழந்தாளிடும் பலகையின் பஞ்சு அமுங்கிப்போய்விட்டது. மூட்டு வலி உள்ளவர்கள் தயங்காமல் உட்கார்ந்தே செபிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரவில் திறக்கும் கழிப்பறை ஆலயத்தின் பின்பக்கம் இருக்கிறது, போகும் வழியில் விளக்கு போதாது. வயதான பெண்களை இரவு நேரத்துக்குச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அந்த விளக்கைச் சரிசெய்ய வேண்டும். இரவில் கதவு ரகசிய எண்ணில்தான் திறக்கும். எண்ணை மாற்றினால் எல்லோருக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எண் மாறியது தெரியாமல் ஒரு அம்மா வெளியே நின்று தட்டியது உள்ளே கேட்கவில்லை.

புதியவர்கள் ஏமாறாமல் இருக்க இரண்டு விஷயம். நற்கருணை ஆசீர், அதாவது நற்கருணையை ஏந்தி மக்களுக்குத் தரும் ஆசீர்வாதம், எல்லா நேரமும் கிடைக்காது. திருச்சபைச் சட்டம் 943-இன்படி ஆசீர் கொடுப்பது குருவோ, குருவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் திருத்தொண்டரோதான். மற்றவர்கள் அனுமதியோடு நற்கருணையை வெளியே எடுத்து வைக்கலாம், அதைப் பத்திரமாக வைக்கும் பேழையில் திரும்ப வைக்கலாம், ஆசீர் கொடுக்க முடியாது. இங்கே வியாழன் மாலையில் மட்டும் தூபத்தோடு ஆசீர் உண்டு. அப்புறம், புனித வியாழன் முதல் பாஸ்கா (இயேசு உயிர்த்தெழுந்த பெருவிழா) வரை இங்கே ஆராதனைப் பட்டியல் நிற்கும்.

முதல் முறை வருபவர்கள் இரவு ஒன்பது அல்லது பத்து மணிக்குத் தொடங்கும் நேரத்தைக் கேளுங்கள். வியாழன் இரவு பதினொரு மணி கிடைப்பது கடினம். பிரெஞ்சுத் துறவியான புனித மார்கரீத் மரியாள், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பட்ட வேதனையை நினைத்து விழித்திருந்த நேரம் அது என்பதால் அதற்குக் காத்திருப்போர் நிறைய. செல்போனை அணைத்துவிட்டு வாருங்கள், சைலண்டில் போட்டால் போதாது, வெளிச்சம் மின்னுகிறது. ஒரு செபமாலை, ஒரு விவிலியம், இரண்டுக்கு மேல் எதுவும் வேண்டாம். இப்போதைக்குச் செவ்வாய் விடியற்காலை நான்கு மணிக்கும் சனி மதியம் இரண்டு மணிக்கும் ஒருவர் மட்டுமே இருக்கிறார், ஜோடி தேவை. விருப்பமுள்ளவர்கள் வாசல் மேசையில் இருக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போனால் போதும், பொறுப்பாளர் அழைப்பார்.